சிங்கவால் குரங்குக்கு எது வீடு?

2023 ஜூன் மாசம் திருவனந்தபுரம் ஜூவிலிருந்து ஒரு பெண் அனுமன் குரங்கு எஸ்கேப் ஆன மேட்டர் ஞாபகம் இருக்கா, ஃபிரெண்ட்ஸ்? திருப்பதி ஜூவிலிருந்து ஜோடியாகக் கொண்டுவந்த குரங்கு அது. கூண்டைத் திறந்து வெள்ளோட்டம் பார்த்தார்கள்... ஒரே தாவு! மரம் மரமாக ஊரைச் சுற்றியது. நடுவில் ஜூ வளாகத்துக்கே திரும்பி வந்து மரத்து உச்சியில் உட்கார்ந்தது. கீழே ஊழியர்கள் பழத்தை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். மேலே இருந்த மேடம் அசையவே இல்லை. மூணு வாரக் கண்ணாமூச்சிக்குப் பிறகு, ஜூலை 6-ஆம் தேதி ஒரு ஜெர்மன் மொழி மையத்தின் பாத்ரூமில் வைத்துத்தான் பிடித்தார்கள். 2024-இலும் அதே ஜூவிலிருந்து மூணு அனுமன் குரங்குகள் வெளியே குதித்தன.

ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதிச்ச கேஸ் மாதிரி பேப்பரில் படித்துச் சிரித்தோம். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அது ஓடியும் போச்சு, திரும்பியும் வந்துச்சு. அப்போ ஜூ அதுக்கு ஜெயிலா, வீடா?

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் சொந்தக் கேள்வி. நம்ம ஸ்கூல் டூர் பஸ் சென்னைக்கா போச்சு? நேரே திருவனந்தபுரம்தானே! அந்த ஜூ ஆரம்பித்தது 1859-இல், நாம் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த காலம். மலையாளத்தில் 'காழ்ச்ச பங்களா'. 1956-இல் நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. டூர் பஸ் மட்டும் இன்னும் பழைய ரூட்டிலேயே ஓடுது!

அன்றைக்கு ஜூ என்றால் ராஜாவின் பெருமை. புலி யாரிடம் அதிகம் என்பதுதான் போட்டி. இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. 1992-இல் மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் வந்தது. அதன் அங்கீகாரம் இல்லாமல் இந்தியாவில் யாரும் ஜூ நடத்த முடியாது. 1998-இன் தேசியக் கொள்கை, அழியும் உயிரினங்களைக் காப்பதுதான் ஜூக்களின் முதல் வேலை என்றது. பேப்பரில் எல்லாம் பக்கா. கூண்டுக்குள் எப்படி?

அது எந்த மிருகம் என்பதைப் பொறுத்தது. 2003-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர், ஜூவில் இருக்கும் ஊன் உண்ணிகளை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். காட்டில் எது அதிக தூரம் சுற்றுகிறதோ, அதுதான் கூண்டில் அதிகம் கஷ்டப்படுகிறது. அதன் குட்டிகள்தான் அதிகம் சாகின்றன. பனிக்கரடிக்கு ஜூவில் கிடைக்கும் இடம், அது காட்டில் சுற்றும் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதானாம்!

யானை கதை இன்னும் மோசம். 2008-இல் வெளியான ஒரு கணக்குப்படி, ஐரோப்பிய ஜூக்களில் பிறந்த பெண் ஆசிய யானைகளின் நடு ஆயுள் சுமார் 19 வருஷம். பர்மாவில் மரம் இழுத்த யானைகளுக்கு அதுவே சுமார் 42. நாள் முழுக்கத் தடி இழுத்த யானை, உட்கார வைத்துச் சோறு போட்ட யானையைவிட இரண்டு மடங்கு வாழ்ந்திருக்கு, மக்கா! நம்ம ஆணையமும் 2009-இல் யானைகளை ஜூவிலும் சர்க்கஸிலும் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

அடுத்தது வெள்ளைப்புலி. கூட்டம் அள்ளும் சூப்பர் ஸ்டார். ஆனால் அது தனி இனமே கிடையாது. சாதாரண வங்கப்புலிதான், நிறத்தில் ஒரு மாற்றம். 1951-இல் ரேவா காட்டில் 'மோகன்' என்ற வெள்ளைக்குட்டி பிடிபட்டது. வெள்ளை நிறம் கைவிட்டுப் போகக் கூடாது என்று, பிறகு அதையும் அதன் மகளையுமே ஜோடி சேர்த்தார்கள். அந்த உறவுக் கலப்பின் விளைவு மாறுகண், பலவீனம் என்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. காட்டுக்கு ஒரு வெள்ளைப்புலியும் திரும்பப் போகப் போவதில்லை. செல்ஃபிக்காகவே பிறக்கும் புலி! இதைப் 'பாதுகாப்பு' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

சரி, அப்போ எல்லா ஜூவையும் இழுத்துப் பூட்டிடலாமா? அவசரப்படாதீங்க. அமெரிக்காவில் கலிஃபோர்னியா காண்டார் என்று ஒரு ராட்சசக் கழுகு. 1987-இல் உலகத்தில் மிச்சம் இருந்தவை 27. அத்தனையையும் பிடித்து ஜூவில் அடைத்தார்கள். 'சாகிறதாக இருந்தால் காட்டிலேயே கவுரவமாகச் சாகட்டும்' என்று எதிர்த்தவர்களும் உண்டு. கூண்டில் முட்டையிட வைத்து, குஞ்சு வளர்த்து, 1992-இலிருந்து திரும்பப் பறக்க விட்டார்கள். இன்றைக்கு 500-க்கும் மேல். பாதிக்கு மேல் வெளியில்தான் பறக்கின்றன. ஜூ இல்லாவிட்டால் அந்தப் பறவையே இன்றைக்கு இல்லை.

இப்போ நம்ம ஊர் ஹீரோவுக்கு வருவோம். சிங்கவால் குரங்கு. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் காட்டில் கிடையாது. மொத்தமே சுமார் 4,000-தான். நம்ம மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் களக்காடு சரணாலயம் 1976-இல் உருவானதே இந்தக் குரங்குக்காகத்தான்!

இதைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்யும் திட்டத்தில் வண்டலூரும் இருக்கிறது, திருவனந்தபுரமும் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஒரு கொள்ளைநோய் வந்து காட்டுக்கூட்டம் அழிந்தால் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்குமே. ஆனால் ஜூவுக்கும் நோய் வரும். 2021 ஜூனில் வண்டலூரில் கொரோனா தொற்றிய சிங்கங்களில் நீலா, பத்மநாதன் இரண்டும் செத்துப்போனதை மறந்திருக்க மாட்டீங்க. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கு. குரங்குக்குட்டி காட்டைப் படிப்பது அம்மாவிடமிருந்து. எந்த மாசம் எந்த மரம் காய்க்கும், வெடிப்பலாவை எப்படிப் பிய்க்கணும், கழுகு நிழல் விழுந்தால் எங்கே ஒளியணும்... இந்த சிலபஸ் கூண்டுக்குள் கிடையாது. தட்டில் வாழைப்பழம் வாங்கித் தின்று வளர்ந்ததைக் கொண்டுபோய் மழைக்காட்டில் விட்டால், டிகிரி முடிக்காமல் நேரா வேலைக்கு அனுப்பின கதைதான். அதனால், உள்ளே எத்தனை குட்டி பிறந்தது என்று மட்டும் பார்த்து ஜூவுக்கு மார்க் போட முடியாது. வெளியே மலையில் மரம் நிற்குதா என்றும் பார்க்கணும்.

கூண்டா, காடா என்ற இந்த வழக்கு 2023-இல் நம்ம வாசலுக்கே வந்தது. அரிசிக்கொம்பன்! மூணாறு பக்கம் சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற காட்டுயானை. பிடித்து முகாமில் அடைத்து, கும்கி ஆக்கிவிடலாம் என்பது கேரள அரசின் திட்டம். உயர்நீதிமன்றம் தடுத்தது. ஏப்ரலில் பெரியாறு காட்டில் விட்டார்கள், மே மாசம் அது கம்பம் டவுனுக்குள் புகுந்தது. ஜூன் 5-ஆம் தேதி தமிழக வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ரேடியோ காலரோடு நம்ம மேல் கோதையாறு காட்டில் கொண்டுவந்து விட்டது. பேச்சிப்பாறை பக்கத்து மலைவாழ் ஜனங்கள் பயந்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. 'கூண்டில் போடாதே' என்று டவுனில் உட்கார்ந்து ஸ்டேட்டஸ் போட்ட நாம, யானை நடக்கும் வழியில் வீடு கட்டியிருக்கிறவர்களை எத்தனை தடவை நினைச்சுப் பார்த்தோம்? சுதந்திரத்துக்கும் ஒரு பில் வரும். அதைப் பெரும்பாலும் மலையடிவாரத்துக்காரன்தான் கட்டுகிறான்.

அடுத்த தடவை கேங்கோடு ஜூவுக்குப் போனால் ஒண்ணு செய்யுங்க. ஏதாவது ஒரே ஒரு கூண்டு முன்னால் பத்து நிமிஷம் செல்போனை எடுக்காமல் நில்லுங்க. உள்ளே இருப்பது ஒரே தடத்தில் போகுது, வருது, அதே இடத்தில் திரும்புது, மறுபடி அதே... இப்படி இருந்தால் அது வாக்கிங் இல்லை, மனசு உடைந்ததன் அடையாளம் என்கிறார்கள் விலங்கு மருத்துவர்கள். மரம், மறைவு, தேடித் தின்ன வேலை, கூட்டாளி இதெல்லாம் இருந்தால் அந்த நடை குறையும். இல்லாவிட்டால் அங்கே இருக்கும் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதுங்க. கல்லெறிகிறவனையும் கூண்டுக்குள் சிப்ஸ் பாக்கெட் வீசுகிறவனையும் அங்கேயே தட்டிக் கேளுங்க.

வீட்டுப் பக்கத்திலேயே பார்க்கணும்னா புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கு, மான்கள் பார்க்கலாம். (டிலனாய் கல்லறையையும் ஒரு எட்டு பார்த்துடுங்க, ஜோடிகளை மட்டும் பார்க்காமல்!) கூண்டே வேண்டாம் என்றால் தேரூர் குளத்தங்கரை. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்குப் போனால் வெளிநாட்டுப் பறவைகள் தலைக்கு மேல் பறக்கும். டிக்கெட் கிடையாது, பைனாகுலர் மட்டும் கடன் வாங்கிக்கோங்க.

திருவனந்தபுரம் போறவங்க, நாகர்கோவிலில் காலை ரயிலைப் பிடிச்சா வெயில் ஏறுவதற்குள் சிங்கவால் குரங்கைப் பார்த்துவிடலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்னைக்கு அவங்களுக்கு லீவு.