ஈயமும் பிள்ளையின் மூளையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் பழைய பேட்டரியை உடைத்து, உருக்கி, ஈயம் பிரித்தெடுக்கும் ஆலைகள் உண்டு. ஆட்டோ, லாரி, இன்வெர்ட்டர் என்று உழைத்து ஓய்ந்த பேட்டரிகள் இத்தகைய உலைகளுக்குத்தான் போய்ச் சேருகின்றன. அவசியமான தொழில்தான். ஆனால் ஈயத் தூசு சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டால், முதலில் பாதிக்கப்படுவது தரையில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கும் குழந்தை.

குழந்தைக்கு ஏன் கூடுதல் ஆபத்து? மூளை தன்னைக் கட்டிக்கொள்ளும் பருவம் அது. நரம்பு செல்லின் கிளைகளில் நுண்ணிய முட்கள் முளைக்கின்றன. பக்கத்துச் செல் அனுப்பும் குளூட்டமேட் என்ற ரசாயனத்தை வாங்கும் ஏற்பிகள் பெரும்பாலும் அந்த முட்களில் இருக்கின்றன. செய்தியை வாங்குவதோடு ஏற்பியின் வேலை முடிந்துவிடுவதில்லை. செல்லின் உருவத்தையே அது தீர்மானிக்கிறது.

என்எம்டிஏ என்ற ஏற்பியைப் பாருங்கள். அதன் துளையை மெக்னீசியம் அடைத்திருக்கும். குளூட்டமேட் வந்து ஒட்டும் அதே நேரத்தில் செல்லும் தூண்டப்பட்டால்தான் அடைப்பு விலகி, கால்சியம் உள்ளே பாயும். அந்தக் கால்சியத்தின் உத்தரவில் ஆக்டின் என்ற புரத இழைகள் முள்ளுக்குள் திரள்கின்றன. முள் பருத்து நிலைக்கிறது. தூண்டப்படாத முட்கள் பல சுருங்கி மறைகின்றன. பிள்ளை கேட்கும் குரலும் பார்க்கும் முகமும் இப்படித்தான் மூளையில் உருவம் பெறுகின்றன.

ஈயம் இந்த ஏற்பியைத்தான் தடுக்கிறது. ஈயம் கொடுத்து வளர்த்த எலிக்குட்டிகளின் மூளையில் முட்கள் குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். உடல் ஈயத்தைக் கால்சியம் என்று எண்ணி எலும்பிலும் சேர்த்துவைக்கிறது. தாய் கருவுற்றிருக்கும்போது அது மீண்டும் ரத்தத்தில் கலந்து கருவை எட்டும். இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வந்தது என்று கண்டறிந்து தடுக்கச் சொல்கிறது. மருந்து கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று இருந்துவிட முடியாது. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மருந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தைக் குறைத்தது. அறிவுத்திறன் மட்டும் தேறவில்லை.

ஆகவே தடுப்பதுதான் வழி. ஈய ஆலைத் தொழிலாளர்கள் குளித்து, உடை மாற்றிவிட்டு வீடு திரும்ப ஆலையிலேயே வசதி வேண்டும். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டிப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ரத்த ஈயப் பரிசோதனை வழக்கமாக நடக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களையும் அதில் சேர்க்க வேண்டும்.