உப்பும் வேண்டும், நன்னீரும் வேண்டும்

கடல்நீரேரிக்கும் வயலுக்கும் இடையே உமரி படர்ந்து கிடக்கும் உவர்த்தரவையைப் பயனற்ற நிலம் என்போர் பலர். ஆனால் நீரின் போக்கு மாறும்போது அதை முதலில் எமக்குக் காட்டுவது அந்த நிலமே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரிமழையே நன்னீர் தருகிறது. மாரி வெள்ளம் தரவையின் உப்பைக் கரைத்து நீரேரி வழியே கடலுக்குக் கொண்டு செல்லும். கோடையில் நீர் வற்ற, உப்பு மீண்டும் மேலேறும். இரண்டையும் தாங்கி வளர்வது உமரி. அதன் சதைப்பற்றான தண்டு உப்பைத் தன்னுள் அடக்கும். வேர் சேற்றைப் பிடித்து நிற்கும். நீர் ஏறிய காலத்தில், கடலிலிருந்து வரும் இறால் குஞ்சுகள் கரையோரத்தில் இரை தேடி வளரும்.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணைகள் கட்டப்பட்டன. மழைநீரைத் தேக்கி, கடல்நீர் உட்புகாமல் தடுப்பதே அவற்றின் நோக்கம். போர்க்காலத்தில் பராமரிப்பின்றிக் கதவுகள் பழுதடைந்தன. உவர்நீர் தடையின்றி உள்ளே வந்தது; கரையோர வயல்களும் கிணறுகளும் பாதிப்புக்குள்ளாயின.

அப்படியானால் கதவை எப்போதும் மூடி வைத்தால் போதுமா? தெற்கே புந்தலவைப் பார்ப்போம். 1980களின் பிற்பகுதியில் கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டம் வந்தபின், வயல்களின் கழிவுநீர் எம்பிலிகல, மலல நீரேரிகளில் சேர்ந்தது. உவர்த்தன்மை குறைந்தது. சம்பு பெருகியது, இறால் அருகியது. வயலுக்கு நன்மை செய்த அதே நீர் மீனவரின் பிழைப்பைக் கெடுத்தது.

எனவே காணிக்குத் திரும்பும்போது தரவையின் ஓரத்தைக் கவனியுங்கள். உமரி வயலுக்குள் ஏறினால் உப்பு முன்னேறுகிறது. உமரியும் பட்டு, வெள்ளைப் படிவு மட்டும் கிடந்தால் உப்பு அளவு மீறிவிட்டது. தரவையில் சம்பு முளைத்தால் நன்னீர் வெளியேறாமல் தேங்குகிறது.

முதல் வெள்ளத்தில் கதவைத் திறந்து உப்பைக் கழுவ விட வேண்டும். பிந்திய மழையைத் தேக்கிக்கொள்ள வேண்டும். திறக்கும் நாளையும் மூடும் நாளையும் கமக்காரரும் மீனவரும் ஒன்றாய் இருந்து தீர்மானிப்பதே நல்லது. தரவையை உழுதுவிடாமலும் மண் கொட்டி நிரப்பாமலும் விடுவோம். உப்புக்கும் எமது வயலுக்கும் நடுவே நிற்கும் வேலி அது.