விளையாட்டில் பதியும் பல்

உடன் வாழும் உயிர்கள் – 9

சென்ற வாரம் கடைவீதிப் பூனைகளைப் பார்த்தோம். ஜாலான் துன் சம்பந்தனின் பூக்கடைகளுக்கும் மாமாக் கடை மேசைகளுக்கும் நடுவே, யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லார் கையிலும் சாப்பிட்டு வளர்பவை அவை. இந்த வாரம் கதவுக்கு உள்ளே போகலாம். அடுக்குமாடி வீட்டில், நாம் பெயர் வைத்து, தீனி வாங்கிப் போட்டு வளர்க்கும் பூனை நம்மையே கடிப்பது ஏன்?

கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் இரவு ஏழரை மணிக்குள் பொழுது அடைந்துவிடும். வேலை முடிந்து, எல்.ஆர்.டி. நெரிசலில் நின்றபடி வந்து, பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் கதவைத் திறந்து நாம் காலை நீட்டி உட்காரும் நேரம் அது. பூனை முழுதாக விழித்துக்கொள்ளும் நேரமும் அதுவே. விடியலும் அந்தியும் பூனை இனத்தின் வேட்டைப் பொழுதுகள். பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தூங்கித் தீர்த்த பூனை சோபாவுக்கு அடியில் பதுங்குகிறது. கண்மணி விரிகிறது, பின்புறம் லேசாக ஆடுகிறது. நாம் காலை ஆட்டியதும் பாய்ந்து கணுக்காலைக் கவ்விவிடுகிறது. “சோறு போட்ட கையையே கடிக்குதே” என்று நமக்கு வருத்தம். ஆனால் அந்தக் கடியில் கோபமும் இல்லை, நன்றிகெட்டத்தனமும் இல்லை.

நம் பாட்டன் பாட்டி வாழ்ந்த ரப்பர்த் தோட்டத்து லயங்களில் பூனைக்கு யாரும் விளையாட்டுக் காட்டவில்லை. அரிசி மூட்டை இருந்த இடத்தில் எலி இருந்தது. எலி இருந்த இடத்தில் பூனைக்கு வேலை இருந்தது. குட்டிகள் தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் விறகுக் குவியலுக்குப் பின்னால் உருண்டு புரண்டு வளர்ந்தன. பிரிக்பீல்ட்ஸின் பழைய ரயில்வே குடியிருப்புகளிலும் முற்றம் இருந்தது, சாக்கடை ஓரம் இருந்தது, ஓடித் துரத்த ஓணான் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, மக்கள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வந்து மாடி வீடுகளில் குடியேறியபோது பூனையும் கூடவே வந்தது. அதன் வேலை மட்டும் வரவில்லை.

வேலை போனாலும் அதற்கான உந்துதல் போவதில்லை. ஜெர்மானிய விலங்கு நடத்தையியல் அறிஞர் பவுல் லைஹவுசன் பூனைகளைப் பல்லாண்டுகள் கூர்ந்து கவனித்து ஒன்றை எடுத்துக்காட்டினார். பதுங்குவது, துரத்துவது, பிடிப்பது, கொல்வது, தின்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் பூனையிடம் தனித்தனி உந்துதல் உண்டு. வயிறு நிறைந்துவிட்டது என்பதற்காக மற்றவை அடங்கிவிடுவதில்லை. தட்டு நிறையத் தீனி போட்ட பிறகும் பூனை நம் காலைத் துரத்துவதற்குக் காரணம் இதுதான். அது பசியாறிவிட்டது, வேட்டையை இன்னும் முடிக்கவில்லை. அசையாத வீட்டில் அசைகிற ஒரே பொருள் நம் கையும் காலும்தான்.

இரண்டாவது காரணம் குட்டிப் பருவத்தில் இருக்கிறது. ஒரு குட்டி இன்னொன்றை அழுத்திக் கடித்தால் கடிபட்டது கத்திவிட்டு விலகிப்போகும். விளையாட்டு அத்துடன் நின்றுவிடும். தாய் தன் பங்குக்கு ஒரு தட்டு தட்டும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்ற அளவைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. நம் ஊரில் என்ன நடக்கிறது? பசார் பக்கம் அட்டைப்பெட்டியில் விடப்பட்ட மூன்று, நான்கு வாரக் குட்டியை இரக்கப்பட்டு ஒருவர் தூக்கி வருகிறார். இரக்கம் நல்லது. ஆனால் அந்தக் குட்டி பள்ளிக்கூடம் போகாமலே வந்துவிட்டது. 2017இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 6,000 வீட்டுப் பூனைகளைப் பற்றிய தகவல்களை ஆராய்ந்தார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பூனைகளிடம் மூர்க்கம் அதிகமாக இருந்தது. பதினான்கு வாரம் வரை தாயோடு இருந்தவை அமைதியாக இருந்தன. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, வேறு பூனையையே பார்க்காமல் ஒற்றையாக மாடி வீட்டுக்குள் வளர்ந்த குட்டிகளும் உண்டு. அவற்றுக்குக் கடியின் அளவைச் சொல்லித்தர வீட்டில் மனிதர்கள் மட்டுமே இருந்தார்கள்.

அந்த மனிதர்கள் சொல்லித்தந்தது பெரும்பாலும் நேர்மாறான பாடம். உள்ளங்கை அளவுக் குட்டியின் முன் விரலை ஆட்டுவோம். அது கவ்வும், கூசும், சிரிப்போம். போர்வைக்குள் காலை அசைத்துக் காட்டுவோம். பால் பல் விழத் தொடங்கும் நான்காம் மாதத்தில் ஈறு அரிக்கும். அப்போதும் மெல்லக் கொடுப்பது நம் விரலைத்தான். ஏழாம் மாதத்துக்குள் 30 நிலைப் பற்களும் முளைத்துவிடும். அதன் பிறகு அதே விளையாட்டில் ரத்தம் வருகிறது, அதே பூனை அடி வாங்குகிறது. நேற்றுவரை சிரிப்பை வாங்கித் தந்த செயல் இன்று ஏன் அடியை வாங்கித் தருகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? கிள்ளானில் இருக்கும் என் அத்தை, குட்டியோடு விளையாடும் யாரைப் பார்த்தாலும் சொல்வார்: “கையக் குடுத்து வெளையாடாத தம்பி. நாளைக்கு அந்தக் கையத்தான் தேடி வரும்.” எந்த நூலையும் படிக்காமல், பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட உண்மை அது.

ஆகவே முதல் விதி: கையும் காலும் இனி ஒருபோதும் விளையாட்டுப் பொருள் ஆகக் கூடாது. வீட்டில் உள்ள அத்தனை பேரும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். அம்மா விலகிக்கொள்ள, அண்ணன் மட்டும் கையை நீட்டி மல்லுக்கு நின்றால் பூனை குழம்பித்தான் போகும்.

இரண்டாவது விதி: கைக்குப் பதிலாக உண்மையான வேட்டையைக் கொடுங்கள். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு வலுச் சேர்க்கிறது. தென்மேற்கு இங்கிலாந்தில், வெளியே போய் வேட்டையாடிவரும் வீட்டுப் பூனைகளோடு உரிமையாளர்கள் நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் வேட்டைபோல விளையாடினார்கள். பூனைகள் பிடித்து வந்த இரைகளின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. விளையாட்டு வேட்டையின் இடத்தை நிரப்பக்கூடியது என்பதற்கு இது நல்ல சான்று. சோபாவின் அடியில் பதுங்கும் பூனைக்கும் இதையே செய்யலாம்.

செய்யும் முறை எளிது. நீளமான கோல் ஒன்று, அதன் முனையில் கயிறு, கயிற்றின் நுனியில் இறகோ துணித்துண்டோ. கடையில் பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். வீட்டில் கிடக்கும் மூங்கில் குச்சியிலும் செய்துகொள்ளலாம். பூனையின் வாய்க்கும் நம் கைக்கும் நடுவே கோலின் நீளம் இருக்க வேண்டும். இரையைப் பூனையின் முகத்தை நோக்கி ஆட்டாதீர்கள். எந்த எலியும் பூனையை நோக்கி ஓடி வராது. விலகி ஓடட்டும், நாற்காலிக்குப் பின்னால் மறையட்டும், கொஞ்சம் அசையாமல் இருந்துவிட்டு மறுபடி துடிக்கட்டும். இடையிடையே பூனை பிடிக்கவும் வேண்டும். ஒளிப்புள்ளியை மட்டும் சுவரில் ஓடவிட்டால் பல்லிலும் நகத்திலும் எதுவும் சிக்காமல் பூனை தவித்துப்போகும். முடிவில் கொஞ்சம் தீனி வையுங்கள். பிடித்தது, தின்றது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்தது, தூங்கியது என்று அதன் இயல்பான சுற்று நிறைவடையும். பொழுது அடையும் வேளையில் ஒரு முறையும், நாம் படுக்கப் போகும் முன் ஒரு முறையும் இப்படி விளையாடினால், விடியற்காலையில் கால் கட்டைவிரலைக் கவ்வி எழுப்பும் பழக்கமும் மெல்லத் தணியும்.

ஒரே பொம்மையை நாள் முழுக்கத் தரையில் போட்டு வைத்தால் பூனைக்கு அலுத்துப்போகும். பூனைகளின் விளையாட்டை ஆராய்ந்த சாரா ஹால், ஜான் பிராட்ஷா குழுவினர் இதை நன்றாகக் காட்டினார்கள்: ஒரு பொம்மையில் ஆர்வம் வடிந்த பிறகு புதிய பொம்மையைக் கொடுத்தால் பூனை மறுபடி முழு வேகத்தோடு பாய்கிறது. ஆகவே பொம்மைகளை எடுத்து வைத்து, மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

நம் வீடுகளுக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. சாமி படத்திலிருந்து கழற்றிய பூச்சரத்தின் நூலையும், தீபாவளிக்குக் கட்டிய ஜிகினாச் சரத்தையும் விளையாடக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பதால் வாய்க்குள் போன நூலைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். விளையாட்டு முடிந்ததும் கயிறுகள் அலமாரிக்குள் போகட்டும்.

இத்தனைக்குப் பிறகும் பல் பட்டால்? கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் ஓடும் இரையைப்போலத் தோன்றும், தோலும் கிழியும். கையை அசைக்காமல் வையுங்கள். பிடி தளர்ந்ததும் மெதுவாக விலக்கி, எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். திட்டும் வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம். சிறிது நேரம் கழித்து வந்து கோலை எடுங்கள். கடித்தால் விளையாட்டு நிற்கும் என்று கூடப் பிறந்த குட்டி கற்பித்திருக்க வேண்டியதை நாம் இப்போது கற்பிக்கிறோம். அடிப்பதும் தண்ணீர் பீய்ச்சுவதும் பயத்தை வளர்க்கும். பயந்த பூனை விளையாட்டுக்காகக் கடிப்பதை விட்டுத் தற்காப்புக்காகக் கடிக்கத் தொடங்கும். அந்தக் கடி இன்னும் ஆழமானது.

மடியில் படுத்துத் தடவிக்கொடுக்கும்போது திடீரென்று கடிக்கும் பூனைகளும் உண்டு. அது ‘திடீர்’ என்று நமக்குத்தான் தோன்றுகிறது. வால் நுனி துடிக்கும், காது பக்கவாட்டில் திரும்பும், முதுகுத் தோல் சிலிர்க்கும், தலை கையின் பக்கம் திரும்பும். ‘போதும்’ என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. முதல் அறிகுறியிலேயே கையை எடுத்துவிட்டால் கடிக்கு வேலை இல்லை. பல ஆண்டுகள் சாதுவாக இருந்த பூனை புதிதாகக் கடிக்கத் தொடங்கினால் அதைக் குணம் என்று நினைக்க வேண்டாம். பல்வலி, மூட்டுவலி, தைராய்டுச் சுரப்பு மிகுதி என்று எதுவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிக்கலான நோய்களுக்கு செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

இப்போது காயத்துக்கு வருவோம். இதில் அலட்சியம் கூடவே கூடாது. பூனையின் கோரைப்பல் மெல்லியது, கூரியது. வெளியே ஊசிமுனை அளவுத் துளைதான் தெரியும். உள்ளே மூட்டு வரைக்கும், தசைநார் வரைக்கும் போயிருக்கும். துளை மேலே மூடிக்கொள்ள, பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியா உள்ளே பெருகும். பல பூனைகளின் வாயில் இயல்பாகவே வாழும் கிருமி அது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2009 முதல் 2011 வரை கையில் பூனைக்கடியோடு வந்த 193 பேரில் 57 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. கடித்தவுடன் ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளையோ காப்பித்தூளையோ அப்பி மூடாதீர்கள். விரலிலோ மணிக்கட்டிலோ ஆழமாகப் பல் பதிந்திருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். சிவந்து வீங்கி, விரலை மடக்க முடியாமல் போனால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு; நம் சமூகத்தில் அது இன்னும் அதிகம். சர்க்கரை உள்ளவர்கள் சின்னக் கடி என்று விட்டுவிடக் கூடாது. கடித்தது தெருப் பூனை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சரவாக்கில் 2017இல் பரவிய வெறிநாய்க்கடி நோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அங்கே போய்வந்த பயணத்தில் கடிபட்டிருந்தால் தடுப்பூசி பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

கடிக்கிறது என்பதற்காகப் பூனையைக் கொண்டுபோய் மார்க்கெட்டிலோ மாமாக் கடை வாசலிலோ விட்டுவருபவர்கள் இருக்கிறார்கள். “அங்கே சோறு கிடைக்கும்” என்பது அவர்களின் சமாதானம். வீட்டுக்குள் வளர்ந்த பூனைக்கு வண்டியும் தெரியாது, தெருநாயும் தெரியாது. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பு விலங்கின் தேவைகளை நிறைவேற்றுவதை உரிமையாளரின் கடமை ஆக்கியிருக்கிறது. கொடுமைக் குற்றத்துக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் நாம் நல்லவர்களாக இருக்க வேண்டியதில்லை. தாயிடமிருந்து பிரித்ததும் மனிதர்கள், கையைக் கடிக்கப் பழக்கியதும் மனிதர்கள். அந்தப் பழக்கத்துக்கான தண்டனையைப் பூனை ஒன்றே அனுபவிப்பது எந்த வகையில் நியாயம்?

பழக்கம் மாறக் காலம் எடுக்கும். கருத்தடை செய்யாத பூனை என்றால் செய்துவிடுங்கள். அம்பாங்கில் சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. நடத்தும் கெம்பிரி கிளினிக் இதற்கென்றே இருக்கிறது. இன்னொரு குட்டியை எடுக்கும் எண்ணம் இருந்தால், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டைச் சேர்த்தே எடுங்கள். ஒன்றுக்கு ஒன்று ஆசானாகும். இன்றிரவு பொழுது அடைந்ததும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அந்தக் கோலை எடுங்கள். நம்மை நம்பி நான்கு சுவருக்குள் வாழ ஒப்புக்கொண்ட உயிருக்கு அந்தப் பத்து நிமிடம் நாம் கொடுக்க வேண்டிய கடன்.

அடுத்த வாரம்: அடுக்குமாடியில் செல்லப்பிராணி வளர்க்கலாமா? நிர்வாகக் குழுவின் அதிகாரம் எதுவரை, நம் உரிமை எதுவரை?