பழைய ஜன்னல் வழியே

செத்துப்போன ஆப்பரேட்டிங் சிஸ்டங்களை மறுபடி ஓட்டிப் பார்ப்பது வேலையற்ற வேலையா? திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. சரியாக ஒன்பதாம் நாள், ஆகஸ்ட் 24 அன்று, அமெரிக்காவில் விண்டோஸ் 95 விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மூன்றுக்கும் தொடர்பில்லை. ஆனால் இன்று நாற்பதைத் தாண்டியவர்களின் நினைவில் மூன்றும் ஒரே ஆண்டாகத்தான் பதிந்திருக்கின்றன.

பெருநகரங்களில் தொடங்கிய இன்டர்நெட் இந்த ஊருக்கு வந்து சேரச் சற்றுத் தாமதமானது. சிக்கனக்காரர்களுக்குக் கிடைத்தது 'ஷெல்' கணக்கு. கறுப்புத் திரை, வெறும் எழுத்து. அஞ்சலுக்குப் பைன், வலைப் பக்கங்களுக்கு லிங்க்ஸ். படம் இருக்க வேண்டிய இடத்தில் 'படம்' என்கிற ஒரு சொல் மட்டும் வந்து நிற்கும். பிறகு மணிக்குக் காசு வாங்கும் இன்டர்நெட் மையங்கள் முளைத்தன. வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு அம்மா சொல்லச் சொல்ல, யாராவது ஒரு பையன் மலையாளத்தை ஆங்கில எழுத்தில் தட்டித் தருவான். மலையாளத்தை மலையாளமாக எழுத அந்தப் பெட்டிக்குத் தெரியாது. தமிழுக்கும் அதே கதிதான்.

டெக்னோபார்க்கை ஒட்டிய காரியவட்டம் வளாகத்தில் தமிழ் எம்.ஏ. படித்தவன் நான். பக்கத்தில் சாஃப்ட்வேர், இந்தப் பக்கம் சங்க இலக்கியம். இரண்டுக்கும் நடுவே எனக்கு ஒட்டிக்கொண்ட பைத்தியம்தான் பழைய சிஸ்டங்கள். இன்றைய கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலிக் கம்ப்யூட்டரை உருவாக்கி, அதில் எம்.எஸ்.-டாஸ் 6.22 முதல் விண்டோஸ் 98 வரை ஏற்றி வைத்திருக்கிறேன். விண்டோஸ் 95 மொத்தமும் 13 ஃபிளாப்பிகளில் அடங்கியது; இன்று செல்போனில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோ அதைவிடப் பெரியது. அது விழிக்கும்போது ஒலிக்கும் சில விநாடி இசையை அமைத்தவர் பிரிட்டிஷ் இசைக் கலைஞர் பிரையன் ஈனோ. அதையும் போட்டிக் கம்பெனியான ஆப்பிளின் மெக்கின்டாஷில்தான் அமைத்தாராம்.

வேடிக்கை இத்தோடு சரி. நான் விண்டோஸ் 98ஐ உயிரோடு வைத்திருப்பதற்கு வேறு காரணம் உண்டு. என் ஆரம்பகால மொழிபெயர்ப்புகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

அந்நாளில் தமிழ் எழுத்துருக்கள் செய்தது ஒருவகைக் கண்கட்டு வித்தை. புகழ்பெற்ற 'பாமினி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 'தமிழ்' என்று நீங்கள் தட்டும்போது கம்ப்யூட்டருக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஜே என்ற எழுத்தின் மேல் 'த'வின் படத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இருக்கும்வரை தமிழ். அதை எடுத்துவிட்டால் உளறல். இப்படி ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு ஒட்டு. அச்சகத்துக்கு ஃபைலைக் கொடுக்கும்போது எழுத்துருவையும் தனி ஃபிளாப்பியில் கொடுத்தனுப்பிய நாட்கள் அவை. பதிப்பகங்கள், பத்திரிகை அலுவலகங்கள், ஆராய்ச்சி மாணவர்கள் என்று ஏறக்குறைய பதினைந்து ஆண்டுத் தமிழ் இந்த மாறுவேடத்தில்தான் தட்டப்பட்டது.

மலையாளத்தின் கதை இன்னும் சிக்கல். டைப்ரைட்டருக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக 1971இல் கேரள அரசு கூட்டெழுத்துகளை உடைத்து லிபியைச் சுருக்கியது. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஆனால் அக்கால எழுத்துருவில் இருந்த இடம் 256தான். ஆகவே உடைந்தது உடைந்தபடியே இருந்தது. இதை ஏற்க மறுத்து 1999இல் திருவனந்தபுரத்தில் 'ரசனா' என்ற இயக்கம் பிறந்தது. ஆர். சித்திரஜகுமாரும் எழுத்துரு வடிவமைப்பாளர் கே.எச். ஹுசைனும் அதன் முன்னணியில் இருந்தார்கள். பழைய கூட்டெழுத்துகள் உட்பட ஏறத்தாழ 900 வடிவங்களை அவர்கள் உருவாக்கினார்கள். பின்னால் யூனிகோட் வந்து இட நெருக்கடியைத் தீர்த்ததும் அவை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறின. 1978இல் நாம் 'லை', 'ணை'யின் துதிக்கைகளை வெட்டியபோது இப்படி யாரும் வரிந்துகட்டவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் இயந்திரத்துக்காக மொழி வளைய வேண்டுமா என்று அவர்கள் கேட்ட கேள்வி சரியானது.

அதே கேள்வியின் இன்னொரு முகம் 2001 ஜூலை 20 அன்று இந்த நகரில் தெரிந்தது. அன்றுதான் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் இங்கு வந்து, சுதந்திர சாஃப்ட்வேர் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். சாஃப்ட்வேரின் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமை வேண்டும் என்பது 1983 முதல் அவர் சொல்லிவரும் சேதி. ஆங்கிலத்தில் அவருக்கு ஒரு தலைவலி: இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் அங்கே ஒரே சொல். மலையாளத்தில் 'ஸ்வதந்திர', தமிழில் 'கட்டற்ற' என்று சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை. மொழிபெயர்ப்பாளனுக்கு இப்படிச் சில நல்ல நாட்களும் வாய்க்கின்றன.

அதே ஆண்டில் கேரள அரசு பள்ளிகளுக்கான கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்பப் பாடங்கள் விண்டோஸை நம்பி எழுதப்பட்டவை. ஆசிரியர் அமைப்புகளும் சுதந்திர சாஃப்ட்வேர் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். ஒரு கம்பெனியின் சரக்கை மட்டும் பழக்குவது பாடமா, விளம்பரமா என்று விவாதம் சூடுபிடித்தது. சில ஆண்டுகளில் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. 2006 ஜூலை 11 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 98ஐக் கைகழுவியது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பி, 2025 அக்டோபரில் விண்டோஸ் 10. ஒவ்வொரு முறையும் உலகெங்கும் அலுவலகங்கள் பதறின. திருவனந்தபுரம் பூஜப்புரையில் இருக்கும் 'கைட்' நிறுவனமோ பள்ளிகளுக்கான லினக்ஸைத் தானே தொகுத்துத் தருகிறது. இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அது கணக்குச் சொன்னது. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் சாஃப்ட்வேர் என்று பெருக்கிய கணக்கு அது. பெட்டியின் விலையையே மிஞ்சுகிற இந்தத் தொகையைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் விழுங்க வேண்டும். ஆனால் சிஸ்டத்தை எப்போது மாற்றுவது என்பதைப் பூஜப்புரை முடிவு செய்கிறது, அமெரிக்கா அல்ல என்பதில் சந்தேகம் இல்லை.

லினக்ஸ் எதையும் கைவிடாது என்று நினைத்துவிட வேண்டாம். 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதியதே 386 சிப் கொண்ட கம்ப்யூட்டரில்தான். 2012 டிசம்பரில் அந்த 386க்கான ஆதரவையே நீக்கினார்கள். பிறந்த வீட்டுக்கே பூட்டு. ஒரே வித்தியாசம், சாவியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்: பழைய மூலநிரல் இன்றும் எவருக்கும் கிடைக்கிறது.

இன்டர்நெட்டில் குடியிருந்தவர்களுக்கு அந்தச் சாவியும் இல்லை. ஜியோசிட்டீஸ் பக்கங்கள் 2009இல் மூடப்பட்டன. ஆர்குட் 2014 செப்டம்பரில் போயிற்று. இரண்டிலும் எத்தனை கல்லூரிச் சண்டைகள், எத்தனை கவிதைகள்!

தமிழுக்குப் பொதுக் குறியீடு காண 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல். அரசுக்குக் காத்திராமல் ஓடியவர்களும் உண்டு: சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய குறியீட்டில் தட்டிய இலக்கியங்களை யூனிகோடுக்கு மாற்றிக் கரையேற்றியது.

தனி ஆட்களின் ஃபைல்களை யார் கரையேற்றுவது? அவரவர்தான். நான் செய்வது இது. ஃபிளாப்பியைப் படித்து, போலி விண்டோஸ் 98க்குள் ஃபைலைத் திறந்து, எழுத்துருவின் பெயர் அழியாத வடிவில் சேமிக்கிறேன். அவசரப்பட்டு வெறும் உரையாகச் சேமித்தால் எது தமிழ், எது ஆங்கிலம் என்ற அடையாளமே போய்விடும். நடுவே வரும் ஷேக்ஸ்பியர் பெயர்கூடத் தமிழ் உளறலாக மாறும். அடுத்தது ஒற்றைக்கொம்பு. பாமினியில் அது கண்ணுக்குத் தெரிகிறபடி எழுத்துக்கு முன்னால் பதிவாகும்; யூனிகோடில் பின்னால். மாற்றித் தரும் நிரல்கள் இதைப் பெரும்பாலும் சரியாகச் செய்கின்றன. 'கௌ'வில் வரும் சிறகையும் 'ள'வையும் பிரித்தறிவதில்தான் தடுமாறுகின்றன. அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

ஃபிளாப்பியின் காந்தப் பூச்சு காத்திருக்காது; பூஞ்சைக்கு நம் கடலோர ஈரப்பதம் விருந்து. என் பெட்டியில் 40 இருந்தன. 31ஐ மாற்றிவிட்டேன். ஐந்தை டிரைவ் படிக்கவே மறுக்கிறது. மீதி நாலு இந்த மழைக்காலத்துக்குள்.