கேடயம் இழந்த கழுத்து

மதுரைக்கு மேற்கே, சமணமலையின் அடிவாரத்தில், தாமரைக்குளத்தையும் அதன் அருகே ஐயனார் கோயிலையும் அணியாகக் கொண்டு விளங்குவது கீழக்குயில்குடி என்னும் சிற்றூர். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள தீர்த்தங்கரர் உருவங்களையும் வட்டெழுத்துக்களையும் காண யாம் பலமுறை அங்குச் சென்றதுண்டு. ஆயினும் ஈண்டு எழுதப் புகுந்தது கல்லெழுத்தைப் பற்றியன்று. அவ்வூரில் வாழும் எம் அத்தையாரின் கழுத்தில், மணிமாலை கிடக்கும் இடத்தே, அறுவை மருத்துவர் எழுதிய ஒரு கோட்டைப் பற்றியது. தமிழ் பயிலும் மாணவர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என வினவுவார் உளராயின், அறியாமையால் ஒருவரை வருத்திய குற்றம் எம்மிடத்து உண்மையின் எழுதுகின்றோம் என்பதே எம் விடை.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழலைத் தழுவிக் கிடக்கும் சிறு சுரப்பியே தைராய்டு எனப்படுவது. 1656-இல் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் இதற்குப் பெயர் சூட்டினார். அப்பெயர் கேடயம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிப்பட்டது. உணவிலும் உப்பிலும் உள்ள அயோடினைக் கவர்ந்து இச்சுரப்பி ஆக்கும் தைராக்ஸின் என்னும் நீர், இதயத்தின் துடிப்பு, உடலின் வெம்மை, குடலின் இயக்கம், நினைவின் விரைவு ஆகிய யாவற்றையும் அளவில் நிறுத்துகின்றது.

அத்தையாரின் கழுத்தில் கழலை தோன்றி வளர்ந்தமையால், மருத்துவர் சுரப்பி முழுவதையும் நீக்கினர். இவ்வறுவையில் அஞ்சத்தக்கன இரண்டு. குரலை இயக்கும் நரம்பு சுரப்பியின் பின்புறமாகச் செல்கின்றது. அது சிறிது துன்புறினும் குரல் கம்மும். அன்றியும், அரிசியளவினவாய நான்கு சிறு சுரப்பிகள் தைராய்டின் முதுகில் ஒட்டிக் கிடக்கின்றன. இரத்தத்தில் சுண்ணச்சத்தைக் காப்பன அவையே. அவை அயர்ந்தால் உதட்டிலும் விரல்நுனியிலும் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி தோன்றும். அதனைப் பொருட்படுத்தாதுவிடின் கைகள் இசிவுறும். அத்தையார்க்கு மூன்றாம் நாள் எறும்பு ஊர்ந்தது. உடனே கூறினமையால் சுண்ணச்சத்து மாத்திரைகளால் தணிந்தது. குரல் கம்மியது மட்டும் சில திங்கள் நீடித்தது. குளக்கரையில் மேயும் கன்றைக் கூவியழைக்க இயலாமையே அவர்க்குப் பெருந்துயர்.

நிற்க. சுரப்பியை எடுத்தபின் என்ன நேரும் என்பதை உலகம் அறிந்த வரலாறு உருக்கமானது. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோச்சர் 1874-இல் பதினோராண்டுச் சிறுமி ஒருத்தியின் சுரப்பியை முற்றும் நீக்கினார். புண் நன்கு ஆறியது. ஆண்டுகள் பல சென்றபின் அவர் அவளை மீளக் கண்டபோது, அவள் வளர்ச்சி குன்றி, முகம் தடித்து, அறிவு மங்கி நின்றாள். அவள் தங்கையோ அவளினும் உயர்ந்து வளர்ந்திருந்தாள். கோச்சர் இதனை மறைத்தாரல்லர். தம்மிடம் அறுவை பெற்ற பிறரையும் வரவழைத்து ஆராய்ந்து, தம் கையால் விளைந்த கேட்டை 1883-இல் தாமே வெளியிட்டார். 1909-இல் அவர் பெற்ற நோபல் பரிசினும் இவ்வொப்புதலே பெரிதென யாம் கருதுகின்றோம்.

இதற்கு மாற்றுக் கண்டவர் ஜார்ஜ் மர்ரே என்னும் ஆங்கில மருத்துவர். சுரப்பி செயலற்று நலிந்த ஒரு பெண்மணிக்கு 1891-இல் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழி ஏற்றினார். பின்னர் வாய்வழியும் அளித்தார். அவ்வம்மையார் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் வேண்டியிருந்தன! 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று எட்வர்ட் கெண்டல் அமெரிக்காவில் தைராக்ஸினைப் பளிங்குருவாகப் பிரித்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதனைச் செயற்கையில் ஆக்கினர். ஆடுகள் பிழைத்தன.

இன்று அத்தையார் உண்பது நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம். ஒரு குன்றிமணி எடையுள்ள மருந்து மூன்றாண்டுக்கு மேல் போதும் என்று கணக்கிட்டு வியந்தோம். அளவு சிறிதாயினும் அதன் கட்டுப்பாடு பெரிது. வெறும் வயிற்றில் நீரோடு உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம்வரை ஒன்றும் உண்ணலாகாது. தேநீர், காப்பி, பால் ஆகியவை மருந்து குடலிற் சேர்வதைக் குறைக்கும். சுண்ணச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கோ நான்குமணி நேர இடைவெளி வேண்டும். விடியுமுன் மல்லிகை பறிக்கச் செல்லும் பெண்டிர்க்குத் தூக்குவாளித் தேநீரே உயிர்த்துணை. அதனை முன்னே வைத்துக்கொண்டு காத்திருத்தல் எளிதோ?

முட்டைக்கோசு உண்ணாதே என்று அயலார் அறிவுறுத்தினர். அது சுரப்பி அயோடினைக் கவர்வதையே தடுப்பது. இல்லாத சுரப்பிக்கு அதனால் வருவதொன்றில்லை. அவ்வறிவுரை தீங்கற்றது. மற்றொன்று தீங்குடைத்து: “உசுரு உள்ள மட்டும் மாத்திரை தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்பது. அத்தையார் மாத்திரையை விட்டார்.

ஒருவாரம் யாதொரு வேறுபாடும் இல்லை. இங்கேதான் இம்மருந்து நம்மை ஏமாற்றுகின்றது. உடலில் உள்ளதிற் பாதி குறைய ஏறத்தாழ ஏழு நாள் செல்லும். இருவாரத்திற் காற்பங்கும் நான்கு வாரத்திற் பதினாறில் ஒருபங்குமே எஞ்சும். ஆதலின் விட்டவர்க்கு, விட்டதனாலேயே நலம் என்று தோன்றும். பின்னர்ச் சித்திரை வெயிலிலும் அத்தையார் போர்வை கேட்டார், முகம் வீங்கியது, முடி உதிர்ந்தது, பகலெல்லாம் உறங்கினார். வேலைக்கு அஞ்சுகின்றார் என்றனர் வீட்டார். யாமும் அவரைக் கும்பகருணன் தங்கை என்று நகையாடினோம். அத்தங்கை சூர்ப்பணகை என்பதை அவர் அறிவார்; நகைத்தாரல்லர்.

இரத்தத்தைச் சோதித்தபோதே உண்மை வெளிப்பட்டது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, தைராக்ஸின் குறையுந்தோறும் டி.எஸ்.எச். என்னும் ஏவல்நீரை மிகுதியாகச் சுரந்து, ‘சுர, சுர’ என்று கூவும். கேட்பார் இல்லாத கழுத்தை நோக்கி அது வாரக்கணக்கிற் கூவியிருந்தது. யாமும் கேட்டிலேம்.

மீண்டும் மாத்திரை தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சோதித்து, அளவைச் சிறிது உயர்த்தினர். விரைந்து நலம்பெற வேண்டித் தாமே மிகுதியாக உண்ணலும் ஆகாது. நெஞ்சு படபடக்கும், நாளடைவில் எலும்பும் மெலியும். இப்பொழுது அத்தையார் நான்கு மணிக்கு எழுந்து மாத்திரையை உட்கொண்டபின்னரே தோட்டத்திற்குப் புறப்படுகின்றார். ஐந்து மணிக்குத் தேநீர். இரவு உணவோடு சுண்ணச்சத்து. சென்ற விடுமுறையில் யாம் அங்கிருந்த ஒரு மாலை, கன்று குளத்தின் எதிர்க்கரைவரை போய்விட்டது. அத்தையார் நின்ற இடத்திலிருந்தே கூவினார். அது திரும்பிப் பார்த்தது.