பாம்புக்கும் நோய் உண்டு
(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவன்)

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது பழமொழி. படையை நடுங்க வைக்கும் அந்த உயிர் ஓர் அட்டைப்பெட்டிக்குள் பன்னிரண்டு நாட்கள் வாடி இறந்ததை நான் கண்டிருக்கிறேன். அதைக் கொன்றவன் வேறு யாருமல்லன், நானேதான். அடித்துக் கொல்லவில்லை, ஆசையாக வளர்த்துக் கொன்றேன். அந்த உறுத்தலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நான் செய்த பிழை

அப்போது நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். என் மாமா வேலை பார்த்த பனியன் கம்பெனியின் குடோனில் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை நகர்த்தியபோது சாரைக்குட்டி ஒன்று வெளிப்பட்டது. துணி மூட்டை கிடக்கும் இடத்தில் எலி சேரும். எலி சேரும் இடத்திற்குச் சாரை வரும். வேலையாட்கள் தடியைத் தேடுவதற்குள் நான் அதைப் பையில் போட்டு வீட்டிற்குக் கொண்டு வந்துவிட்டேன். ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமை எனக்கு!

அம்மாயி மட்டும், "கண்ணு, அதையெல்லாம் வூட்டுல வெக்கக் கூடாது சாமி. அது எடத்துல கொண்டு போயி உட்டுரு" என்றார். நான் கேட்கவில்லை. பனியன் அடுக்கும் அட்டைப்பெட்டியில் அடைத்து, மாடியில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தேன். கிண்ணத்தில் பால் ஊற்றினேன். எட்டாம் நாள் அதன் கண்கள் நீலம் பாய்ந்து மங்கின, தோலும் வெளிறியது. குருடாகிவிட்டதென்று பயந்து, உரிந்து நின்ற தோலை விரலால் பிடித்து இழுத்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் அது அசையவில்லை. நான் செய்த தவறு ஒன்றல்ல, மூன்று என்பது விலங்கியல் பயில வந்த பிறகே விளங்கிற்று.

மூன்று தவறுகள்

முதலாவது வெப்பம். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிரன்று. குளிர்ந்தால் வெயிலுக்கு வரும்; சுட்டால் நிழலுக்கு நகரும். இரை செரிப்பதுகூட இந்த வெப்பத்தைப் பொறுத்ததே. எனவே அடைத்து வைக்கும் இடத்தில் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். தகரக் கூரையின் அடியில் என் சாரை நகர்ந்து போக நிழலே இல்லை.

இரண்டாவது பால். பால் பாம்பின் உணவன்று. அதைச் செரிக்கும் தன்மையும் அதற்கில்லை. பாம்பாட்டியின் நாகம் பால் குடிக்கிறதே என்று கேட்கலாம். பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் தாகத்தில் எதையும் குடிக்கும். பல்லைப் பிடுங்கிய வாய் புண்ணாகிச் சீழ் பிடித்து, அப்பாம்பு நெடுநாள் வாழ்வதில்லை. என் சாரைக்கு வேண்டியிருந்தது ஒரு கிண்ணம் தண்ணீர்தான்.

மூன்றாவது தோல். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு செதில் கண்ணை மூடியிருக்கிறது. சட்டை உரிக்கும் காலம் வரும்போது பழைய செதிலுக்கும் புதிய செதிலுக்கும் இடையே நீர் ஊறுவதால் கண் நீலமாக மங்கும். சில நாட்களில் தெளிந்துவிடும். பிறகு சொரசொரப்பான பொருளில் மூக்கை உரசி, சட்டையைத் தானே கழற்றும். ஈரப்பதம் குறைந்தால் சட்டை துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். அப்போது செய்ய வேண்டியது ஈரமான மறைவிடம் தருவது, இழுப்பதன்று. இழுத்தால் அடியிலுள்ள இளந்தோலும் கிழியும். நான் நோயென்று நினைத்தது நோயே அன்று. நான் செய்த வைத்தியமே நோயாயிற்று.

யார் வளர்க்கலாம்?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாகம், சாரை, மலைப்பாம்பு முதலிய நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். இன்று சில இளைஞர்கள் ஆசைப்படுவது ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு இனங்களை. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள இத்தகைய உயிர்களை வைத்திருப்போர் அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. முறையான தாள் இல்லாமல் வாங்குவது எதற்குத் துணை போவதாகும்? 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. சிறு டப்பாக்களில் அடைத்து வந்த அவற்றின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கண்ணே மருத்துவர்

முறைப்படி வைத்திருப்பவர்களுக்கும் பொறுப்பு அங்கே முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. நாய் வலித்தால் ஊளையிடும். மாடு தீனி தின்னாமல் கத்தும். பாம்போ சத்தமின்றி நோயைத் தாங்கிக்கொள்ளும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர். துணியிலுள்ள சிறு ஓட்டையும் கறையும் அவர் கண்ணுக்குத் தப்பா. பாம்பு வளர்ப்பவருக்கும் அந்தக் கண் வேண்டும்.

வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, மூக்கில் குமிழ் வருகிறதா? நுரையீரல் நோயாக இருக்கலாம். ஈறு சிவந்து, பாலாடைக் கட்டி போல் சீழ் தெரிகிறதா? அது வாய்ப்புண். தண்ணீர்க் கிண்ணத்திலேயே நாள் முழுதும் கிடக்கிறதா, நீரில் மிளகுத்தூள் போல் கரும்புள்ளிகள் மிதக்கின்றனவா? அவை இரத்தம் உறிஞ்சும் உண்ணிகள். புதிதாக வந்த பாம்பைக் குறைந்தது ஒரு மாதமாவது தனியே வைத்தால்தான் இவை மற்றவற்றிற்குப் பரவா.

இரையை உயிரோடு போடாதீர்கள். எலி திருப்பிக் கடித்துப் பாம்பைக் காயப்படுத்தும். இரை உண்டபின் இரண்டு நாட்களுக்குத் தொடாதீர்கள், கக்கிவிடும். எடை, இரை உண்ட நாள், சட்டை உரித்த நாள் ஆகியவற்றை நோட்டில் குறித்து வாருங்கள்; எடை குறைவது முதல் எச்சரிக்கை. தொட்ட பின் சோப்பால் கை கழுவுங்கள். ஊர்வனவற்றிலிருந்து சால்மோனெல்லா கிருமி நமக்குத் தொற்றும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடும் மருந்தை அளவு தெரியாமல் கொடுக்காதீர்கள். ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவர் யாரென்பதை, பாம்பு நோயுறும் முன்பே விசாரித்து வையுங்கள்.

வடநெம்மேலியில் கண்டது

துறையின் கல்விச் சுற்றுலாவில் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலிக்குச் சென்றோம். பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர்களுக்காக 1978இல் தொடங்கப்பட்ட பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே உள்ளது. இத்தொழிலின் திறமைக்காகவே வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றை வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் மட்டும் பிடித்து வருகிறார்கள். வாயில் துணி கட்டிய மண்பானைகளில் அவை குளிர்ச்சியாக இருக்கின்றன. வாரத்திற்கொரு முறை நஞ்செடுக்கிறார்கள். பாம்புக்கடி முறிமருந்து செய்ய அது பயன்படுகிறது. மூன்று நான்கு வாரங்களில் பாம்பு மீண்டும் காட்டுக்கே போய்விடுகிறது. அதே பாம்பு உடனே மறுபடி பிடிபடாதிருக்க வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம், அவ்வளவே.

அங்கே நின்றபோது என் அட்டைப்பெட்டி நினைவுக்கு வந்தது. பிழைப்புக்காகப் பிடிக்கிறவர்கள் திருப்பி விடும் நாளைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆசைக்காகப் பிடித்த நான் அந்த நாளை நினைத்தே பார்க்கவில்லை.

அயல்நாட்டுப் பாம்புக்கோ அந்த நாளே இல்லை. அதை நம் வயலிலும் வாய்க்காலிலும் விடக்கூடாது. அமெரிக்காவின் புளோரிடாச் சதுப்பு நிலத்தில், வளர்ப்பிலிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி அங்குள்ள சிற்றுயிர்களைப் பெரிதும் குறைத்துவிட்டன. பந்து மலைப்பாம்பு அடைப்பில் இருபது முப்பது ஆண்டுகள் வாழும். கல்லூரிப் பருவத்தில் வாங்குபவர், தம் பிள்ளை கல்லூரிக்குப் போகும் வரை அதைக் காக்க வேண்டும்!

நண்பர்களே, அந்த முப்பது ஆண்டுக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். மனம் தயங்கினால் வாங்காதிருப்பதே அந்த உயிருக்கு நீங்கள் செய்யும் முதல் வைத்தியம். குடோனில் சாரையைக் கண்டால் தடியும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். வழி விட்டு வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ சொல்லுங்கள். அம்மாயி அன்று சொன்னதும் இதுதான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் உயிரும் ஒரு பட்டப்படிப்பும் தேவைப்பட்டன.