பூட்டிய காருக்குள் 'கரண்ட் திருட்டு'! காலையில் வண்டி கிளம்பாது, கார்க்காரர்களே உஷார்!

சென்னை—

கதவு பூட்டியபடி இருக்கிறது. கண்ணாடி உடையவில்லை. ஆனால் பேட்டரியில் இருந்த மின்சாரம் மட்டும் மாயம்!

சென்ட்ரல் ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய், நாலைந்து நாள் கழித்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சங்கடம் இது. விடிகாலை 4 மணி. கையில் மூட்டை முடிச்சு, தோளில் தூங்கும் குழந்தை. சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம்தான் வருகிறது.

"போகும்போது நல்லாத்தானே ஓடிச்சு?" என்று தலையில் கை வைப்பார்கள்.

திருடன் வெளியாள் அல்ல. புதுப்பேட்டையிலோ, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ ஆசையாக வாங்கி மாட்டிய சாமான்தான்!

சாவி எடுத்தும் நிற்காது

சாவியை எடுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. சில கார்களில் சார்ஜர் சொருகும் சாக்கெட்டுக்கு எந்நேரமும் மின்சாரம் வரும். ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டும் அப்படித்தான். அதில் சொருகிய ஜி.பி.எஸ். கருவி ராத்திரி பகல் பார்க்காமல் கரண்ட் குடிக்கும்.

வெறும் செல்போன் சார்ஜர் குடிப்பது கொஞ்சம்தான். பெரிய கில்லாடி, நிறுத்திய வண்டியிலும் படம் பிடிக்கும் கேமராதான்!

இதோ கணக்கு

சின்ன காரின் பேட்டரி சுமார் 35 ஆம்பியர் அவர். கேமரா கால் ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 6 போச்சு. மூன்று நாளில் 18. பாதிக்கு மேல் காலி! அதன்பின் செல்ஃப் எடுப்பது சந்தேகம். பழைய பேட்டரி என்றால் ஒரே ராத்திரியில்கூட கை விரித்துவிடும்.

காலியான பேட்டரியை அப்படியே போட்டு வைத்தால் உள்ளே ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. புதுசுக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டியதுதான்.

பணம் போனால் போகட்டும். நடு ராத்திரியில் நெஞ்சு வலிக்காரரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரத்தில் வண்டி நின்றால்?

என்ன செய்யணும்?

* இறங்கும்போது சாக்கெட்டில் சொருகியதைப் பிடுங்கி விடுங்கள்.

* கேமராவை, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில் மாட்டச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகும் படம் வேண்டுமென்றால், வோல்ட் இறங்கியதும் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவியைச் சேர்த்து வையுங்கள்.

* ஒன்றும் சொருகாமலே பேட்டரி இறங்கினால் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். எல்லாம் அணைந்து, காரின் கம்ப்யூட்டரும் தூங்கிய பிறகு மீட்டர் வைத்துப் பார்ப்பார். பெரும்பாலான கார்களுக்கு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. அதற்கு மேல் போனால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, திருடன் எந்த லைனில் என்று கண்டுபிடித்துவிடலாம்.

* வண்டியை ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே உறும விட்டால் பேட்டரி நிறையாது. ரோட்டில் ஓட்டினால்தான் ஏறும்.

இன்றைக்கு ராத்திரி காரைப் பூட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடி வழியாக எட்டிப் பாருங்கள். சார்ஜரிலோ கேமராவிலோ விளக்கு எரிகிறதா? எரிந்தால் திருடன் உள்ளேதான் இருக்கிறான்!